மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்கு ஸ்டென்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளை ஆஞ்சியோகிராம் செய்யும் பிரிவில் பல ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். ஒப்புதல் படிவத்தோடு உறவினர்களின் எதிரில் உட்காரும்போதெல்லாம் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. மருத்துவர் விளக்கும்போது தலையாட்டிவிட்டு, அவர் எழுந்து போனதும் “சிஸ்டர், உண்மையில் என்ன செய்யப்போகிறார்கள்?” என்று கேட்பவர்களே அதிகம். அவர்களுக்காகத்தான் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கூடியவரை கேட்டவர்களின் வாக்கிலேயே விட்டிருக்கிறேன். உங்கள் வீக்கத்தின் அளவையும் இடத்தையும் படத்தில் பார்த்தவர் உங்கள் மருத்துவர். முடிவை அவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பேச்சுக்குத் தயாராகப் போக இது உதவட்டும்.

1. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘அனியூரிசம்’ என்று போட்டிருக்கிறது. மூளைக்கட்டியா? புற்றுநோயா?

இரண்டும் இல்லை. மூளையின் அடிப்பகுதியில் தமனிகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக ஓடுகின்றன. 17ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவரின் பெயரால் அதை வில்லிஸ் வளையம் என்கிறார்கள். வளையத்திலிருந்து கிளைகள் பிரியும் முனைகளில் ரத்தம் ஓயாமல் மோதிக்கொண்டே இருக்கிறது. அங்கே சுவர் மெலிந்துபோனால், பழைய சைக்கிள் டியூபில் புடைப்பு கிளம்புவதுபோல வெளியே பிதுங்கும். அதுதான் அனியூரிசம். பிதுங்கிய பகுதியைப் பை என்றும், அது குழாயோடு ஒட்டியிருக்கும் வாயைக் கழுத்து என்றும் சொல்வோம். இந்த இரண்டு சொற்களும் கீழே அடிக்கடி வரும்.

‘வீக்கம்’ என்ற சொல்லால் ஒரு குழப்பம் வருகிறது. அடிபட்டால் மூளையே வீங்குவது வேறு. இங்கே வீங்கியிருப்பது ரத்தக்குழாயின் சுவரில் ஓர் இடம் மட்டும்.

2. அப்படியென்றால் தலைக்குள் வெடிகுண்டு இருப்பதுபோலத்தானே? எந்த நேரமும் வெடிக்குமா?

இந்த உவமையை யார் முதலில் சொன்னார்களோ, பல குடும்பங்களின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டார்கள். பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு இந்த வீக்கம் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது வாழ்நாள் முழுவதும் வெடிப்பதே இல்லை. இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். வெடிக்கும் வாய்ப்பை வீக்கத்தின் அளவு, அது இருக்கும் இடம், வயது, உயர் ரத்த அழுத்தம், முன்பு வேறொரு வீக்கம் வெடித்த வரலாறு ஆகியவற்றை வைத்துக் கணிக்கிறார்கள். 2014இல் வெளியான ‘ஃபேசஸ்’ என்ற மதிப்பெண் முறை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. புகைபிடித்தல் ஆபத்தைத் தெளிவாகவே கூட்டுகிறது. சிறிய வீக்கமாக இருந்தால், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, புகையை விட்டு, ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்து வருவதே சரியான சிகிச்சையாக இருக்கலாம்.

ஆனால் இரண்டு அறிகுறிகளைக் கண்டால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. ஒன்று, வாழ்நாளில் இதுவரை வந்திராத கடுமையான தலைவலி நொடியில் வெடித்துக் கிளம்புவது. மற்றது, ஒரு கண்ணிமை திடீரெனத் தொங்கி, அந்தக் கண்ணின் பாப்பா விரிந்து, பார்வை இரண்டாகத் தெரிவது. பின்புற இணைப்புத் தமனி பிரியும் இடத்தில் உள்ள வீக்கம் பெருத்துக் கண்ணை இயக்கும் நரம்பை அழுத்தும்போது இப்படி ஆகும். வீக்கம் வெடித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரை இழந்துவிடுகிறோம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

3. ஸ்டென்ட் என்றால் இதயத்துக்கு வைப்பதுதானே? என் மாமாவுக்கு வைத்ததையே மூளைக்கும் வைக்கிறார்களா?

பெயர்தான் ஒன்று, வேலை வேறு. இதயத்தில் குழாய் அடைத்திருக்கிறது. ஸ்டென்ட் என்ற உலோக வலைக்குழாய் அடைப்பை விலக்கிக் குழாயைத் திறந்து வைக்கிறது. இங்கே குழாய் அடைக்கவே இல்லை. பையின் கழுத்துக்குக் குறுக்கே ஒரு வேலி போட வேண்டியிருக்கிறது. இதய ஸ்டென்டைப் பலூனை ஊதி விரிப்பார்கள். மூளைக் குழாய்கள் அந்த முரட்டுத்தனத்தைத் தாங்காது. எனவே மூளைக்குரிய பல ஸ்டென்டுகளை நிட்டினால் என்ற நிக்கல்–டைட்டானியம் கலவையில் செய்கிறார்கள். உறையிலிருந்து வெளியே விட்டதும் அவை தாமாகவே விரிந்துகொள்ளும். மூளைக்கென்று தனிக் கருவி இல்லாத காலத்தில், 1997இல், வெடித்த வீக்கம் ஒன்றுக்கு இதய ஸ்டென்டையே வைத்து, பையை நிரப்பும் ‘காயில்’ என்ற உலோகச் சுருளையும் நிரப்பிய சிகிச்சை பதிவாகியிருக்கிறது. இதற்கென்றே செய்த முதல் ஸ்டென்டுக்கு அமெரிக்காவில் 2002இல் அனுமதி கிடைத்தது.

இன்னொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். கொழுப்புப் படிந்து குறுகிய மூளைக் குழாயை விரிக்கவும் ஸ்டென்ட் உண்டு. 2011இல் வெளியான ‘சாம்ப்ரிஸ்’ ஆய்வில், அப்படி வைத்தவர்களில் 14.7 சதவீதத்தினருக்கு 30 நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் அது 5.8 சதவீதம். இதைப் படித்துவிட்டு “மூளை ஸ்டென்ட் வேண்டாம்” என்று எழுந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆய்வு குறுகிய குழாய்க்கானது, உங்கள் வீக்கத்துக்கு அது பொருந்தாது.

4. கிளிப், காயில், ஸ்டென்ட் என்று மூன்று சொல்கிறார்கள். எது நல்லது?

வரிசையாகப் பார்த்தால் புரியும். கிளிப் மூத்தது. 1937இல் வால்டர் டேண்டி மண்டையோட்டைத் திறந்து, பையின் கழுத்தில் வெள்ளிக் கிளிப்பைப் போட்டார். அடுத்தது காயில். 1990இல் கூலியெல்மி என்ற இத்தாலிய மருத்துவர் உருவாக்கிய பிளாட்டினச் சுருளைக் குழாய் வழியாகவே பைக்குள் கொண்டுபோய் நிரப்பினார்கள். வெடித்த வீக்கம் உள்ள 2143 பேரை வைத்து நடந்த ‘ஐசாட்’ ஆய்வு 2002இல் வெளியானது. ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறர் துணையின்றி இயங்க முடியாதவர்களும் காயில் பிரிவில் சுமார் 24 சதவீதம், கிளிப் பிரிவில் சுமார் 31 சதவீதம். அதற்குப் பிறகு காயில் வேகமாகப் பரவியது.

காயிலுக்கு ஒரு பலவீனம் உண்டு. கழுத்து அகலமாக இருந்தால் சுருள் நழுவி முதன்மைக் குழாய்க்குள் வந்துவிடும். கழுத்து 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அகலக் கழுத்து என்போம். அந்த இடத்தில்தான் ஸ்டென்ட் உள்ளே வருகிறது. மூன்றில் எது நல்லது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. நடு மூளைத் தமனி கிளைக்கும் இடத்தில் உள்ள வீக்கங்கள் பலவற்றுக்கு இன்றும் கிளிப்பே பொருத்தம் என்று சொல்லும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள்.

5. பக்கத்துக் கட்டில்காரருக்கு ஸ்டென்டும் காயிலும் வைத்தார்கள். எனக்கு ஸ்டென்ட் மட்டும் போதும் என்கிறார்கள். குறைத்து வைக்கிறார்களா?

இல்லை, இரண்டும் வேறு வகைக் கருவிகள். முதல் வகையில் கண்ணிகள் பெரியவை. பைக்குள் நிரப்பிய காயில் வெளியே வராமல் தாங்கிப் பிடிப்பதே அதன் வேலை. இரண்டாவது வகையை ‘ஃப்ளோ டைவர்ட்டர்’ என்பார்கள். ரத்த ஓட்டத்தைத் திருப்பிவிடும் நெருக்கமான வலை. 2011இல் அமெரிக்க அனுமதி பெற்ற ‘பைப்லைன்’ இந்த வகை. 48 கம்பி இழைகளைப் பின்னி அதைச் செய்கிறார்கள். ஒவ்வோர் இழையும் தலைமுடியைவிட மெல்லியது. விரிந்த நிலையில் குழாய்ச் சுவரின் சுமார் 30 முதல் 35 சதவீதப் பரப்பையே உலோகம் மறைக்கிறது, மற்றதெல்லாம் துளைதான்.

“துளை இருந்தால் ரத்தம் உள்ளே போகாதா?” என்பது அடுத்த கேள்வி. போகும், ஆனால் வேகம் இழந்து போகும். வலை சரியாக அமர்ந்த பிறகு எடுக்கும் ஆஞ்சியோகிராமில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எக்ஸ்ரேயில் குழாய்கள் தெரியச் செலுத்தும் சாயம் எல்லாக் குழாய்களிலும் கறுப்பாக ஓடி, சிரைகள் வழியே வடிந்து, திரை வெளுத்துவிடும். பையின் அடியில் மட்டும் பிறை நிலாபோல ஒரு கறுப்பு தங்கி நிற்கும். அந்தப் பிறையைப் பார்த்தால் அறையில் எல்லோருக்கும் மூச்சு வரும். அப்படித் தேங்கும் ரத்தம்தான் மெல்ல உறைகிறது. வலையின் மேல் குழாயின் உட்சவ்வு படர்ந்து, கழுத்தின் இடத்தில் புதுச் சுவர் எழும்புகிறது.

6. அவ்வளவு நெருக்கமான வலை, நல்ல கிளைக் குழாய்களையும் அடைத்துவிடாதா?

பெரும்பாலும் அடைப்பதில்லை. கிளைக் குழாயின் மறுமுனையில் மூளைத் திசு ரத்தத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது; அந்த இழுப்பு இருக்கும்வரை கண்ணிகள் வழியே ஓட்டம் நடக்கும். பைக்கு மறுமுனையே கிடையாது, அதனால் அங்கே ரத்தம் தேங்குகிறது. ஒரே வலை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வேலை செய்வதன் ரகசியம் இதுதான். ஆனாலும் மூளைத்தண்டுக்கு ஊசிமுனைபோன்ற சிறு கிளைகளை அனுப்பும் அடித்தமனியில் இந்த வலையை வைக்க மருத்துவர்கள் மிகவும் யோசிப்பார்கள். அங்கே ஒரு சிறு கிளை போனாலும் இழப்பு பெரிது.

7. ஸ்டென்ட் வைத்த அன்றே வீக்கம் மூடிவிடுமா?

காயிலும் சேர்த்து வைத்தால் பெரும்பகுதி அன்றே நிரம்பிவிடும். வலை மட்டும் வைத்தால் மாதக்கணக்கில் ஆகும். 108 பேரிடம், கழுத்துத் தமனியின் தலைக்குள் செல்லும் பகுதியில் இருந்த 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள அகலக்கழுத்து வீக்கங்களில் பைப்லைனைச் சோதித்த ‘பஃப்ஸ்’ ஆய்வில், 6 மாதத்தில் 74 சதவீதமும் ஓராண்டில் 87 சதவீதமும் 5 ஆண்டில் 95 சதவீதமும் முழுமையாக மூடியிருந்தன. கடைசி எண் ஐந்தாம் ஆண்டில் படம் எடுக்க வந்தவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டது, எல்லோரும் வரவில்லை. அதை மனத்தில் வைத்துப் பார்த்தாலும், காலம் போகப்போக மூடுவது கூடுகிறது என்பது உறுதி.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மீதிப் பதில்கள் எளிது. மருத்துவர் ஒரு பந்தலை நட்டுவிட்டு வருகிறார். அதில் கொடியைப் படரவிட வேண்டியது உங்கள் உடல். படர்ந்து முடியும்வரை அந்த உலோகத்தின் மேல் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது மாத்திரை.

8. ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே எதற்கு மாத்திரை? எனக்கு இதய நோய் இல்லையே?

ரத்தத்துக்கு உலோகம் அந்நியப் பொருள். அதைத் தொட்டதும் ரத்தத் தட்டணுக்கள் வந்து ஒட்டி உறைகட்டி உண்டாக்கும். அது ஸ்டென்டையே அடைக்கலாம், துண்டாகிப் போய் மூளைக்குள் வேறு குழாயையும் அடைக்கலாம். அதைத் தடுக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரல் என்ற இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்பே தொடங்குவார்கள். அவசரமென்றால் ஒரே வேளையில் பெரிய அளவில் கொடுப்பதும் உண்டு.

குளோபிடோகிரல் நேரடியாக வேலை செய்யாது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மாற்றிக் கொடுத்தால்தான் பலன். அந்த நொதி மரபிலேயே மந்தமாக உள்ளவர்களுக்கு மாத்திரை போட்டும் போடாததுபோலத்தான். ஆசிய மக்களில் இத்தகையோர் ஐரோப்பியர்களைவிட அதிகம். அதனால் பல மருத்துவமனைகளில் முந்தைய நாள் ரத்தம் எடுத்துத் தட்டணுக்கள் எவ்வளவு அடங்கியிருக்கின்றன என்று பார்ப்பார்கள். அடங்கவில்லையென்றால் டிகாகிரலார் அல்லது பிரசுகிரல் என்று மாற்றுவார்கள். “நேற்றுவரை சரியென்று சொன்ன மாத்திரையை இன்று ஏன் மாற்றுகிறார்கள்?” என்று பயப்பட வேண்டாம், கவனமாகப் பார்க்கிறார்கள் என்றே அர்த்தம். வயிற்றெரிச்சலுக்கு ஓமெப்ரசோல் போடும் பழக்கம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அது அதே நொதியைத் தடுத்துக் குளோபிடோகிரலின் வீரியத்தைக் குறைக்கும். மாற்று மாத்திரை இருக்கிறது.

9. இந்த மாத்திரை எத்தனை நாளைக்கு? நடுவில் விட்டால் என்ன ஆகும்?

இரண்டு மாத்திரைகளும் சேர்ந்து பொதுவாக 3 முதல் 6 மாதம். பிறகு படம் பார்த்து ஒன்றை நிறுத்திவிட்டு, ஆஸ்பிரினை நீண்ட காலம் தொடரச் சொல்வார்கள்.

ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. ஐம்பதை ஒட்டிய வயது. சிகிச்சை நன்றாக முடிந்து நடந்தே வீட்டுக்குப் போனார். ஐந்தாவது வாரம் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தது. முன்கையில் அங்கங்கே நீலம் பாரித்தது. “ரத்தத்தை இளக்கும் மாத்திரையால்தான்” என்று யாரோ சொல்ல, இரண்டையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார். நான்காம் நாள் காலை சட்டைக்குப் பொத்தான் போடும்போது வலக்கை விரல்கள் பொத்தானைப் பிடிக்கவில்லை. மனைவி ஏதோ கேட்டதற்குப் பதில் குழறி வந்தது. விரைவாக வந்துசேர்ந்ததால் உறைகட்டியைக் கரைக்க முடிந்தது. பேச்சு திரும்பிவிட்டது. விரல்கள் தேறப் பல மாதப் பயிற்சி தேவைப்பட்டது. இப்போதும் மேல்பொத்தானைப் போட அவருக்கு நேரம் எடுக்கிறது.

ஈறில் லேசான கசிவும் தோலில் நீலமும் இந்த மருந்தோடு வரக்கூடியவைதான். மலம் தாராகக் கறுத்துப் போவது, வாந்தியில் ரத்தம், அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு ரத்தம் என்றால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். வந்து மருத்துவர் சொன்னால் நிறுத்துங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டு வேளையைச் சேர்த்துப் போடக் கூடாது. ஊருக்குக் கிளம்பினால் மாத்திரையைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

10. பல் பிடுங்க வேண்டியிருக்கிறது. பல் மருத்துவர் ஐந்து நாள் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்.

முந்தைய பதிலில் உள்ளவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் வைத்தவரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது. பல் பிடுங்குவதைப் பெரும்பாலும் மாத்திரையோடேயே, அந்த இடத்தில் ரத்தத்தைக் கட்டுப்படுத்திச் செய்துவிட முடியும். அவசரமில்லாத எந்த அறுவைச் சிகிச்சையையும் இரட்டை மாத்திரைக் காலம் முடியும்வரை தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். சிகிச்சைக்கு முன்பே பல்லைக் காட்டிச் சரிசெய்துகொண்டு வந்தால் இந்தச் சிக்கலே எழாது.

11. தலையைத் திறப்பார்களா? உள்ளே எப்படிப் போகிறார்கள்?

தலையில் ஒரு கீறல்கூட இருக்காது. தொடை மடிப்பிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் ஊசி போட்டு, அதன் வழியே நெகிழும் குழாயைக் கழுத்துவரை கொண்டுபோவார்கள். அந்தக் குழாய்க்குள் இன்னொரு குழாய், அதற்குள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்குழாய். சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் மூளைக் குழாய்களைப் பார்க்கும் முறையை 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் தொடங்கி வைத்தார். அதே அடிப்படையில்தான் இன்றும் வேலை நடக்கிறது. நோயாளி அசையவே கூடாது என்பதால் பெரும்பாலும் முழு மயக்க மருந்து கொடுப்பார்கள். நேரம் வீக்கத்தைப் பொறுத்தது. எளிதானது ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியும். வளைந்து நெளிந்த குழாய் என்றால் நீளும். நீண்டால் ஏதோ தவறாகிவிட்டது என்று வெளியில் இருப்பவர்கள் முடிவுகட்ட வேண்டாம்.

ஸ்டென்ட் நுண்குழாய்க்குள் ஒடுங்கியபடி போகும். பையின் கழுத்தைத் தாண்டி முனை நின்றதும், மருத்துவர் ஒரு கையால் தள்ளுகம்பியைப் பிடித்து, மறு கையால் நுண்குழாயை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பின்னுக்கு இழுப்பார். திரையில் சிறு புள்ளிகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகும். வலை மலர்ந்து சுவரைத் தொடும். அந்தச் சில நிமிடங்கள் அறையில் மானிட்டர் சத்தத்தைத் தவிர வேறு பேச்சே இருக்காது.

12. சர்க்கரை நோய் இருக்கிறது, சாயம் ஒத்துக்கொள்ளுமா?

சிறுநீரகப் பரிசோதனை பார்த்துத்தான் சாயம் கொடுப்பார்கள். மெட்ஃபார்மின் மாத்திரையைச் சிறுநீரக நிலையைப் பொறுத்துச் சாயம் கொடுத்த பின் 48 மணி நேரம் நிறுத்திவைக்கச் சொல்லலாம். இதற்கு முன் ஸ்கேன் சாயத்தில் உடல் தடித்தோ மூச்சுத் திணறியோ இருந்தால் அதை முதல் ஆளாகச் சொல்லுங்கள்.

13. இதில் என்ன ஆபத்து? எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

முதன்மையானது பக்கவாதம், காரணத்தை 8ஆம் பதிலில் சொன்னேன். அடுத்தது ரத்தக்கசிவு: சிகிச்சையின்போதே பை கிழியலாம், வலை வைத்த சில நாட்களிலோ வாரங்களிலோ பெரிய வீக்கம் வெடிப்பதும், வீக்கத்துக்குத் தொலைவில் மூளைக்குள் ரத்தம் கசிவதும் அரிதாக நடக்கின்றன. ஊசி போட்ட இடத்தில் ரத்தக்கட்டு, சாய ஒவ்வாமை ஆகியவை சிறியவை. 7ஆம் பதிலில் சொன்ன பஃப்ஸ் ஆய்வில் 5.6 சதவீதத்தினருக்குப் பெரிய பக்கவாதமோ நரம்பு சார்ந்த மரணமோ நேர்ந்தது. அவை பெரிய, கடினமான வீக்கங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் அபாயம் இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், கூடுதலாகவும் இருக்கலாம்.

ஆகவே “ஆபத்து எத்தனை சதவீதம்?” என்பதோடு நிறுத்தாமல், “என் வீக்கத்தின் அளவுக்கும் இடத்துக்கும் சிகிச்சையின் ஆபத்து எவ்வளவு, சும்மா விட்டால் ஆபத்து எவ்வளவு?” என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்றை மட்டும் கேட்டால் பாதிக் கணக்குதான் கையில் இருக்கும்.

14. என் அம்மாவுக்கு வெடித்தே விட்டது. அவசரமென்றால் ஸ்டென்ட் வைத்து முடிக்க வேண்டியதுதானே? ஏன் தயங்குகிறார்கள்?

காரணம் மீண்டும் அந்த மாத்திரைதான். ஸ்டென்ட் வைத்தால் உறைவைத் தடுக்கும் மருந்து கட்டாயம். ஆனால் ரத்தம் கசிந்த மூளைக்கு உறைவு தேவை. தலைக்குள் நீர் கட்டினால் மண்டையில் துளையிட்டு வடிகுழாய் வைக்க வேண்டிவரும். இரட்டை மாத்திரையின் நடுவே அது பெரும் கசிவை உண்டாக்கலாம். எனவே முடிந்தவரை காயிலாலோ கிளிப்பாலோ வெடித்த இடத்தை முதலில் அடைத்துக் காப்பாற்றிவிட்டு, மிச்சமிருந்தால் சில வாரம் கழித்து ஸ்டென்ட் வைப்பார்கள். காயில் நிரப்பும்போது மட்டும் கழுத்தருகே பலூனை ஊதித் தாங்கிப் பிடித்துவிட்டுப் பிறகு வெளியே எடுத்துவிடும் முறையும் உண்டு. வேறு வழியே இல்லாத வீக்கங்களில் முதல் நாளே ஸ்டென்ட் வைப்பதும் நடக்கிறது; அது எல்லா ஆபத்தையும் எடைபோட்டு எடுக்கும் முடிவு.

15. எப்போது வீட்டுக்கு? எப்போது வேலைக்கு?

வெடிக்காத வீக்கம் என்றால் ஓர் இரவு ஐ.சி.யு.வில் கண்காணித்து, சிக்கல் இல்லாவிட்டால் இரண்டொரு நாளில் அனுப்புவார்கள். தொடையில் ஊசி போட்டிருந்தால் சுமார் ஒரு வாரம் கனமான பொருளைத் தூக்க வேண்டாம். வாகனம் ஓட்டுவதை மட்டும் மருத்துவரிடம் கேட்டே தொடங்குங்கள். வெடித்துத் தேறியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மாதக்கணக்கில் ஓய்வெடுக்க வேண்டியிருக்கும்.

16. சிகிச்சை முடிந்த பிறகுதான் தலைவலி அதிகமாக இருக்கிறது. தலையில் ஓரிடத்தில் முடியும் கொட்டுகிறது. சரியாகச் செய்யவில்லையா?

பை உறைந்து சுருங்கும்போது சுற்றியுள்ள திசுவில் எரிச்சல் உண்டாவதால் சில நாட்கள், சிலருக்கு வாரங்கள், தலைவலி வரலாம். பாராசிட்டமால் போதும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இரட்டை மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். 2ஆம் பதிலில் சொன்னதுபோல நொடியில் வெடித்துக் கிளம்பும் வலி, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் இருந்தால் உடனே வர வேண்டும்.

முடி உதிர்வது நீண்ட நேர எக்ஸ்ரேயால். இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு பக்கம் வட்டமாக உதிரும். பொதுவாக சில மாதங்களில் வளர்ந்துவிடும். இதை முன்கூட்டியே சொல்ல மறந்துவிடுகிறோம். சீப்பைப் பார்த்து அழுத பெண்களைச் சந்தித்த பிறகு நான் யாருக்கும் மறக்காமல் சொல்லிவிடுகிறேன்.

17. இனி எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? விமான நிலையத்தில் மணி அடிக்குமா?

இப்போதைய ஸ்டென்டுகளோடு, தயாரிப்பாளர் சொன்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டு 1.5, 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். கருவியின் பெயர் எழுதிய அட்டை ஒன்றைக் கொடுப்பார்கள். அதைப் படம் எடுத்துச் செல்பேசியில் வையுங்கள். ஸ்டென்ட் உள்ள இடம் மட்டும் படத்தில் மங்கலாகத் தெரியும். விமான நிலையக் கருவியால் பிரச்சினை இல்லை. நிக்கல் நகையால் தோல் அரிப்பு வருமென்றால் சிகிச்சைக்கு முன் சொல்லிவிடுங்கள், 3ஆம் பதிலில் சொன்ன கலவையில் நிக்கல் இருக்கிறது.

18. தும்மினால், குனிந்தால் ஸ்டென்ட் நகர்ந்துவிடுமா? வேண்டாமென்றால் பிறகு எடுத்துவிடலாமா?

தும்மலுக்கும் குனிவதற்கும் நகராது. சுவரை வெளிப்புறமாக அழுத்தியபடியே அது அமர்ந்திருக்கிறது. மாதங்கள் போனதும் சவ்வு மூடி, சுவரின் பகுதியாகவே ஆகிவிடும். அதனாலேயே பிறகு எடுக்கவும் முடியாது. சம்மதிக்கும் முன் இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

19. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி ஆஞ்சியோகிராம் எதற்கு?

தொந்தரவு இல்லாமல் இருந்ததுதானே முன்பும்? பை மூடியதா, வலைக்குள் சவ்வு அளவுக்கு மீறி வளர்ந்து குழாய் குறுகியதா என்பவை உங்களுக்கு உணர்வில் தெரியாது. 6 மாதத்தை ஒட்டி ஒரு படம், ஓராண்டில் ஒன்று, பிறகு இடைவெளி விட்டு எம்.ஆர். ஆஞ்சியோ (எம்.ஆர்.ஐ. கருவியில் ரத்தக்குழாய்களைப் பார்க்கும் படம்) என்று பொதுவாகப் போகும். இரண்டாவது மாத்திரையை நிறுத்தலாமா என்பதையும் அந்தப் படத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். படத்துக்கு வராதவர், நிறுத்தியிருக்கக்கூடிய மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார், அல்லது தொடர வேண்டியதை நிறுத்தியிருப்பார்.

20. எனக்கு இருப்பதால் என் பிள்ளைகளுக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

ஒருவருக்கு மட்டும் இருந்தால் பொதுவாகத் தேவையில்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற வட்டத்தில் இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ இருந்தால் மற்றவர்களுக்கும் எம்.ஆர். ஆஞ்சியோ பார்க்கச் சொல்வார்கள். பரம்பரையாகச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் நோய் குடும்பத்தில் இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர்களுக்கு இந்த வீக்கம் வரும் வாய்ப்பு அதிகம். குடும்பத்தில் யார் புகைபிடித்தாலும் இதைக் காரணமாகக் காட்டி நிறுத்தச் சொல்லுங்கள்.

21. ஒரு மருத்துவர் ஸ்டென்ட் வையுங்கள் என்கிறார். இன்னொருவர் ஒன்றும் வேண்டாம் என்கிறார். யாரை நம்புவது?

இருவரும் நேர்மையாகவே சொல்லியிருக்கலாம். 5 மில்லிமீட்டர் வீக்கம், 60 வயது என்றால் துலாக்கோல் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே நிற்கும். அறுவைச் சிகிச்சை நிபுணரும் ஆஞ்சியோகிராம் நிபுணரும் சேர்ந்து உட்கார்ந்து உங்கள் படத்தைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் நீட்டாமல் படங்கள் உள்ள சி.டி.யைக் கொண்டுபோங்கள்; கழுத்தின் அகலத்தைத் தாளிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. 13ஆம் பதிலில் சொன்ன இரட்டைக் கேள்வியை இருவரிடமும் கேளுங்கள். வெடிக்காத வீக்கத்தில், மேலே சொன்ன அறிகுறிகள் இல்லையென்றால், யோசிக்க உங்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்கள் இருக்கின்றன.

22. ஐந்து வருடம் ஆகிவிட்டது, பை மூடிவிட்டது என்றும் சொல்லிவிட்டார்கள். இனி அந்த ஒரு ஆஸ்பிரினும் எதற்கு?

நியாயமான கேள்வி. சவ்வு முழுவதும் மூடிய பிறகு ஆபத்து மிகக் குறைவுதான்; சில மருத்துவர்கள் சில ஆண்டுகளில் நிறுத்தவும் செய்கிறார்கள். பலர் வாழ்நாள் முழுவதும் குறைந்த அளவில் தொடரச் சொல்கிறார்கள், குறிப்பாகக் குழாய்க்குள் லேசான குறுகல் தெரிந்தவர்களுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்டென்ட் உள்ளவர்களுக்கும். வயிற்றுப்புண்ணோ ரத்தக்கசிவோ உங்களுக்கு இருந்தால் கணக்கு மாறும். கடைசியாக எடுத்த படத்தோடு ஸ்டென்ட் வைத்தவரிடமே போய்க் கேளுங்கள். அவர் பதில் சொல்லும் நாள்வரை, இன்றிரவு போட வேண்டியதை இன்றிரவு போட்டுவிடுங்கள்.